கூடலூர் ஸ்டாண்டில் பிற்பகல்

நீலகிரியில், கூடலூர் பக்கத்து ஸ்ரீமதுரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி மூன்று தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும். வகுப்புக்கே போவதில்லை. எப்போது பார்த்தாலும் செல்லும் கையுமாகத் திரிகிறார்கள். பெண்பிள்ளைகளோ கல்யாணம் நிச்சயமாகும் வரை பொழுதைப் போக்கப் போகிறார்கள். கடைக்காரச் சேட்டன் இவற்றில் எதையும் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்: "மத்தியானம் ரெண்டரைக்கே கூடலூர் ஸ்டாண்டுல நிக்கறாங்களே சார், அப்புறம் எப்பத்தான் படிக்கறது?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

அரசு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலை மாணவருக்கு ஒரு நாளைக்கு 5 பாடவேளை. திங்கள், செவ்வாய் என்ற கணக்கும் அங்கே செல்லாது. 'டே ஆர்டர்' ஒன்றிலிருந்து ஆறு வரை சுற்றி வரும், அதற்கு மொத்தம் 30 பாடவேளை. ஜூலை மழையில் கலெக்டர் லீவு விட்டால், அன்றைய ஆர்டர் அடுத்த வேலை நாளுக்குப் போய்விடும். ஆக, காலையில் தொடங்கும் கல்லூரி பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் மாதிரி நாலரைக்கு மணி அடிக்கும் என்று எதிர்பார்க்கிறவர் கண்ணுக்கு, ரெண்டரைக்கு ஸ்டாண்டில் நிற்கிறவன் கட் அடித்தவனாகத்தான் தெரிவான்.

அடுத்தது பஸ். கூடலூர் அரசுக் கல்லூரி இருப்பது கோழிப்பாலத்தில். மண்வயல் பக்கத்துப் பிள்ளை முதலில் கூடலூர் வர வேண்டும், ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். திரும்பும்போதும் அதே கதை. ஊருக்குப் போகிற பஸ் நினைத்த நேரத்துக்கெல்லாம் கிடைக்காது, காத்திருக்கத்தான் வேண்டும். நாம் அவர்களைப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். வகுப்பில் பார்ப்பதில்லை. வீட்டில் விளக்கைப் போட்டு அசைன்மென்ட் எழுதும்போதும் பார்ப்பதில்லை. பச்சைத் தேயிலையை எடை போடுகிற நேரத்தில் மட்டும் எஸ்டேட் பக்கம் போய்வந்த ஒருவர், 'தோட்டத்து ஆட்களுக்கு வரிசையில் நிற்பதுதான் வேலை' என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

தாமதமாக வருவது, வருகைப்பதிவு குறைவது, இரண்டுக்கும் கூட பஸ்ஸில் பாதிக் காரணம் இருக்கிறது. தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். காலை பஸ் தவறினால் முதல் பாடவேளை போயிற்று. வழியில் யானை நிற்கிறது என்று வீட்டில் அரை மணி நேரம் பிடித்து வைத்தாலும் அதே கதிதான். பதிவேட்டில் 'ஆப்சென்ட்' என்று ஏறும், யானை என்று ஏறாது.

மாணவர்களைப் பற்றிய இந்தப் படிமத்தில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 1980-ல் வந்த 'ஒருதலை ராகம்' படத்துப் பிள்ளைகள் தினமும் ரயிலில் கல்லூரிக்கு வந்து போகிறவர்கள். பிறகு வந்த பெரும்பாலான படங்களில் பைக் வந்தது, கேன்டீன் வந்தது, தேர்தல் சண்டை வந்தது. பாடவேளை மட்டும் காணாமல் போனது. செய்திச் சேனல்களும் தங்கள் பங்கைச் செய்தன. 2019 ஜூனில் சென்னையில் 'பஸ் டே' கொண்டாடிய மாணவர்கள் மாநகரப் பேருந்தின் கூரையிலிருந்து கொத்தாக விழுந்தார்களே, அந்த வீடியோவை நாடே பார்த்தது. அன்று அதே நகரத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஒழுங்காகக் கல்லூரிக்குப் போனவர்களை யார் படம் பிடிப்பார்கள்?

கல்லூரி என்றாலே இன்ஜினியரிங் என்று நினைப்பதும் இதே ரகம்தான். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் வருகிறது. அதன் 2021-22 அறிக்கைப்படி, இந்தியாவில் இளநிலை மாணவர்களில் 34.2 சதவீதம் பேர் கலைப் பிரிவில் படிக்கிறார்கள். பொறியியலில் இருப்பது 11.8 சதவீதம். அதாவது பி.ஏ. படிக்கிறவர்கள்தான் பெருங்கூட்டம். ஆனாலும் கல்லூரி என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

மாணவர்களைப் பற்றிய தப்பான படம் மாணவர்களிடமே இருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான விஷயம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது. வளாகத்துக் குடிப்பழக்கத்தைப் பற்றி மாணவர்களிடம் கேட்டார்கள். தனக்கு இதில் சங்கடம் இருக்கிறது, மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்கிற தொனியில்தான் பதில்கள் வந்தன. ஒவ்வொருவரும் மற்றவரைத் தவறாக எடை போட்டு, அந்தக் கற்பனைக் கும்பலோடு ஒத்துப்போகப் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் முதலாண்டுப் பையன் ஒருவன் 'எல்லாரும் அப்படித்தான்' என்கிறபோது, அந்த எல்லாரும் யார் யார் என்று பெயர் சொல்லச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது பெயரோடு நின்றுவிடும்.

அதற்காக, பெஞ்சில் சொல்வதெல்லாம் பொய் என்று நான் வாதாட வரவில்லை. பாப்காக், மார்க்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க மாணவர்களின் நேரத்தைக் கணக்கிட்டார்கள். 1961-ல் முழுநேர மாணவர் வகுப்பும் படிப்புமாக வாரத்துக்கு 40 மணி நேரம் செலவிட்டார், 2003-ல் அது 27 மணி நேரமாக இறங்கியிருந்தது. இங்கேயும் செமஸ்டர் நெருங்கிய பிறகு நோட்ஸைத் தேடி செராக்ஸ் கடையில் மொய்க்கிற கூட்டத்தை மறைக்க முடியாது. அரியர் வைத்தவன் எல்லாம் பஸ்ஸால் வைத்தவனும் அல்ல.

பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு அதிகப் பேச்சு வேண்டாம். மத்திய அரசின் அதே 2021-22 அறிக்கையில் நாட்டின் 4.33 கோடி மாணவர்களில் 2.07 கோடி பேர் பெண்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அந்தப் பணத்தை எண்ணி வைத்து பரீட்சைக் கட்டணம் கட்டுகிற பிள்ளையைப் 'பொழுதுபோக்க வந்தவள்' என்று சொல்ல எப்படி வாய் வரும்? இந்த மலையில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பல அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் கொழுந்து பறித்துப் பிழைத்தவை. தோட்டத்து லயன் வீடு ஒன்றிலிருந்து ஒரு பெண் பட்டம் வாங்கினால், மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் வேறு கணக்குகள் இருக்கும்.

பெஞ்சில் பேசப்படும் நான்காவது தீர்ப்பு ஒன்று உண்டு. கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: ஆதிவாசிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று. மற்ற மூன்றையும் சிரித்துக்கொண்டே கேட்கலாம், இதை முடியாது. பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்க வேண்டுமென்றால், அதற்கு முன் எத்தனை இடத்தில் உதிர்ந்துபோகாமல் தப்ப வேண்டும் என்று பாருங்கள். ஐந்தாவது முடிந்ததும் பள்ளி மாற வேண்டும். வீட்டில் பேசுவது ஒரு மொழி, பாடம் வேறொரு மொழி. சாதிச் சான்றிதழ் தாசில்தாரிடம் முடியாது, கோட்டாட்சியர் வரை போக வேண்டும். உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறும் வரை கைக்காசு போட வேண்டும், ஆனால் வீட்டு வருமானமோ தினக்கூலி. அந்த 2021-22 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரியோ 28.4 என்று நாம் பெருமைப்படுவது சரிதான். அதே அறிக்கையில் நாடு முழுவதும் பழங்குடியினர் விகிதம் 21.2தான். படிப்பு ஏறவில்லை என்று சொல்வதற்கு முன் படிப்பு அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டாமா? வளாகத்தில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று பேசுகிற நாம், அங்கே யாரெல்லாம் இல்லை என்பதைப் பேசுவதே கிடையாது.

"சரி சார், அந்த செல்லு?" என்று சேட்டன் விடமாட்டார்.

செல்லில்தான் சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகைப் பதிவு, ஹால் டிக்கெட், ரிசல்ட். வகுப்பு வாட்ஸாப் குழுவில்தான் நாளைக்கு எந்த டே ஆர்டர் என்பதும் வரும். சிக்னல் இல்லாத வளைவில் இருக்கிற வீட்டுக்காரன் ஸ்டாண்டிலேயே எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். ரீல்ஸும் பார்க்கிறான் சேட்டா. நீங்களும்தான் பார்க்கிறீர்கள்.