கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கண்ணாடி ஓவியம்

ரயில் நிலையத்தில் கண்ணாடி ஓவியம் என்றதும் பலரும் சொல்வது தைவானின் காவ்சியுங் நகரத்து ஃபார்மோசா புலிவார்ட் நிலையத்தைத்தான். நார்சிசஸ் குவாக்லியாட்டா என்ற கலைஞர் வடிவமைத்த கூரை அது. 30 மீட்டர் விட்டம், 4,500 கண்ணாடிப் பலகங்கள். அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனா அது தலைக்கு மேலே இருக்கு. யார் கையும் படாது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது நியூயார்க்கின் உயர்மட்ட ரயில் நிலையங்களில் உள்ள பலகங்கள். அவை பயணிகளின் தோள் உயரத்தில் இருக்கின்றன. சாய்வார்கள், கீறுவார்கள், பையால் இடிப்பார்கள். அங்கே கண்ணாடியை எப்படி வைக்கிறார்கள் என்பதுதான் இந்தக் குறிப்பு.

நியூயார்க் சப்வேயில் சுரங்கம் மட்டும் இல்லை. புரூக்ளின், குவீன்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளில் பல தடங்கள் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களின்மீது ஓடுகின்றன. அந்த பிளாட்பாரங்களில் காற்றையும் பனியையும் தடுக்க எப்படியும் ஒரு சுவர் வேணும். ரயில்களை நடத்தும் எம்.டி.ஏ. 1985-இல் கலைக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. நிலையங்களைப் புதுப்பிக்கும்போது, இந்தத் தடுப்புச் சுவரின் சில பலகங்களைக் கலைஞர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். குவீன்ஸின் 33ஆவது தெரு - ராசன் தெரு நிலையத்தில் சிறுவர் நூல் ஓவியர் யூமி ஹியோ 1999-இல் செய்தது அப்படி ஒன்று. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் குவீன்ஸ் வாழ்க்கையிலிருந்து ஒரு காட்சி.

இதில் கவனிக்க வேண்டியது: இந்த ஓவியம் சும்மா மாட்டி வைத்த அலங்காரம் இல்லை. காற்றைத் தடுக்கிற வேலையை அதுவே செய்கிறது. அதனால் ஒரு சுவருக்கு உள்ள எல்லாச் சோதனையும் அதற்கும் உண்டு.

முதல் சோதனை, உடைவது. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, சுமார் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள வண்ணக் கண்ணாடிப் பாளங்களைச் சுத்தியலால் செதுக்கி, இடைவெளிகளில் எபாக்சி ஊற்றி இறுக்குவது. 20ஆம் நூற்றாண்டு பிரான்சில் தேவாலயங்களுக்காக வளர்ந்த முறை. அப்போது எபாக்சிக்குப் பதில் கான்கிரீட். இன்னொன்று லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். காரின் முன்கண்ணாடி மாதிரி, விரிசல் விட்டாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கீழே தெருவில் போகிறவர் தலையில் விழாது.

இரண்டாவது, கீறல். ஸ்ப்ரே பெயின்டை ரசாயனம் போட்டுத் துடைத்துவிடலாம். கூரான பொருளால் போட்ட கீறலைத் துடைக்க முடியாது. தடித்த பாளத்தில் நிறம் கண்ணாடி முழுக்க ஊடுருவியிருக்கும். மேலே கீறினாலும் நிறம் போகாது. லேமினேட்டட் கண்ணாடியில் ஓவியத்தை இரண்டு தகடுகளின் உள்பக்கமாக வைத்துவிட்டால் கை ஓவியத்தைத் தொடவே தொடாது. அதற்கும் மேலே, உரித்து எடுக்கக்கூடிய மெல்லிய பிலிம் ஒட்டலாம். கீறல் பிலிமோடு போய்விடும். நியூயார்க் ரயில் பெட்டிகளின் ஜன்னல்களிலும் இந்த உத்தி உண்டு.

மூன்றாவது அசைவு. இதைத்தான் படம் பார்க்கிறவர்கள் யோசிப்பதே இல்லை. 2 மீட்டர் உயர அலுமினியச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் அலுமினியம் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் நீளும்; கண்ணாடி 0.7 மில்லிமீட்டர்தான் நீளும். இரண்டையும் இறுக்கிப் பிடித்தால் கண்ணாடிதான் தோற்கும். அதோடு ஒவ்வொரு ரயிலும் வரும்போது பிளாட்பாரமே அதிரும். அதனால் கண்ணாடி உலோகத்தை எங்கேயும் தொடக்கூடாது. அடியில் ரப்பர் கட்டைகள், ஓரங்களில் ரப்பர் பீடிங் அல்லது சிலிக்கோன், சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி.

அளவெடுப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை. பழைய நிலையங்களில் ஒரே வரிசையிலுள்ள இரண்டு திறப்புகள்கூடச் சரியாக ஒரே அளவில் இருக்காது. டஃபன்ட் கண்ணாடி பயன்படுத்தினால், பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் பொடிப்பொடியாகிவிடும். நாலு மில்லிமீட்டர் கூடிப்போனால் அந்தப் பலகம் குப்பைக்குத்தான். ஆகவே சட்டங்கள் ஏறின பிறகு ஒவ்வொரு திறப்பையும் தனித்தனியாக அளந்து, எண் போட்டு, அதன்பிறகு வெட்டுவதுதான் பாதுகாப்பு.

இவ்வளவும் பொருத்தும் நாள் வரைக்கும்தான். என்னைப் பொறுத்தவரை பெரிய கேள்வி அதற்கப்புறம் வருகிறது: 15 வருஷம் கழித்து ஒரு பலகம் உடைந்தால்? அச்சிட்ட லேமினேட்டட் கண்ணாடி என்றால், கணினிக் கோப்பு பத்திரமாக இருந்தால் திரும்ப அச்சிடலாம். கையால் செதுக்கிய பாளத்தை அப்படியே மறுபடி செய்ய முழு அளவு வரைபடம், ஒவ்வொரு துண்டின் நிற எண், அதைச் செய்யத் தெரிந்த பட்டறை எல்லாம் வேணும். கலைஞர் அதற்குள் இறந்துபோயிருக்கலாம். இல்லாவிட்டால் நடப்பது என்ன? உடைந்த இடத்தில் ஒரு வெற்றுப் பலகை ஏறும். கொஞ்ச நாளில் அதற்குக் கண் பழகிவிடும். அடுத்த பலகம் உடையும்போது யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

ஆகவே ஒரு நிலையத்தில் கண்ணாடிக் கலை வைக்கப் போகிறார்கள் என்றால் நான் கேட்கச் சொல்வது மூன்று. ஒரு பலகத்தை மட்டும் தனியாகக் கழற்ற முடியுமா? வரைபடமும் நிற எண்களும் யார் வசம் இருக்கும்? மாற்றுப் பலகத்துக்கும் பராமரிப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியாச்சா? இவை டெண்டர் ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டியவை. திறப்பு விழாவுக்குப் பிறகு சேர்க்க முடியாது. அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கிப் போக நேரமோ காசோ இல்லாதவர்கள் தினமும் பார்க்கிற ஒரே ஓவியம் அதுவாக இருக்கலாம். அது முழுசாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லையே.