சிதறும் சித்தமும் அலுவலக மேஜையும்

1798-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து வைத்தியர் அலெக்ஸாண்டர் கிரைட்டன் கவனச் சிதறலை ஒரு வியாதியாக விவரித்திருந்தும், வயது வந்தோரிடத்திலும் அது நீடிக்கும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. 12 வயதுக்கு முன்பே அறிகுறி காட்டி, திட்டமிடும் சக்தியையும் காலப் பிரக்ஞையையும் குலைக்கும், ஏடிஹெச்டி எனப்படும் இந்நிலையால், காலையில் அறிக்கை எழுத உட்கார்ந்தவர் மாலையில் வெற்றுத் தாளுடன் தலைகுனிந்து நிற்பதைச் சோம்பேறித்தனமென்று ஏசுவது பெரும் அநீதி என்பேன். மனநல மருத்துவரின் ஆலோசனையும், அவசியமானால் மீதைல்பெனிடேட் போன்ற மருந்தும் ஒருபுறமிருக்க, பெரிய காரியத்தை வாரக் கெடுக்களாகப் பகுத்துக் கொடுப்பதும், சந்தடியற்ற மூலையில் ஆசனம் அளிப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்மொழி உத்தரவை எழுத்திலும் தருவதும் மேலதிகாரிக்குச் சாத்தியமான உதவிகளே; ஏனெனில், செவியில் விழுந்ததை நினைவில் இருத்திக்கொள்வதே இவர்களில் பலருக்குப் பெருஞ்சிரமம்.