தலை சீவ முடியாத கை கோப்பை வென்றது!

டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா 6 வயதிலேயே மட்டை பிடித்தவர். 2008 ஏப்ரலில் அவரது வலது மணிக்கட்டில் ஆபரேஷன் நடந்தது. ஆகஸ்டு மாதம் பீஜிங் ஒலிம்பிக்கில் ஆடினார். வலி தாங்காமல் பாதியிலேயே விலகினார். அந்தக் கையால் தலை சீவக்கூட முடியவில்லை!

கையை அசைக்காமல் வைத்திருந்தால் வலி குறையும். ஆனால் மூட்டு இறுகிவிடும், தசை மெலிந்துவிடும். அதற்குத்தான் 'பிசியோதெரபி' என்ற பயிற்சி வைத்தியம்.

முதலில் விரல்களை மடக்கி நீட்டுவார்கள். பிறகு மணிக்கட்டை மெல்ல மேலும் கீழும் அசைப்பார்கள். மெத்தென்ற பந்தைப் பிடித்து அமுக்குவார்கள். எடை தூக்குவது கடைசியில்தான். அவசரப்பட்டால் வலி திரும்பிவிடும். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் பொறுமை நிறைய வேண்டும்.

மணிக்கட்டு வலி ஆட்டக்காரர்களுக்கு மட்டுமா வருகிறது? ஸ்ரீரங்கத்தில் நாள் முழுவதும் பூக்கட்டும் பெண்ணுக்கும் வரும். திருச்சியில் துணி தைப்பவருக்கும் வரும். வலி விடாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர்களுக்கும் ஓய்வும் இத்தகைய பயிற்சியும் உண்டு.

2009 ஜனவரியில் சானியா மீண்டும் களத்தில் இறங்கினார். மகேஷ் பூபதியுடன் ஜோடி சேர்ந்து, ஆஸ்திரேலியப் போட்டியில் கலப்பு இரட்டையர் கோப்பையை வென்றார்!

ஆனாலும் காயங்கள் அவரை விட்டபாடில்லை. ஒற்றையர் ஆட்டத்தைப் பின்னால் கைவிட்டார். இரட்டையர் ஆட்டத்தில் 2015-ல் உலகின் முதலிடம் பிடித்தார். 2023-ல், 36-வது வயதில்தான் மட்டையைக் கீழே வைத்தார்.