சுருளும் கண்ணாடிச் சங்கிலி

காதில் மாட்டும் கம்பியின்றி மூக்கை மட்டும் பற்றி நிற்கும் கண்ணாடியை 1900 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கர் பலர் அணிந்தனர். தும்மினாலும் அது நழுவிவிடும். விழுந்து உடைந்தாலோ, பார்வை குன்றியவர் படிக்க இயலாது தவிப்பர். இவ்விடர் நீங்க, நியூயார்க்கில் தையல் விரற்பூண் செய்துவந்த கெச்சம் மக்டூகல் நிறுவனத்தார், சட்டையிற் குத்திக்கொள்ளும் சிறு சிமிழொன்றை விற்றனர். சங்கிலி சுற்றிய உருளையும், கடிகாரத்தில் உள்ளதுபோன்ற தட்டையான சுருள்வில்லும் அதனுள் உண்டு. சங்கிலியை இழுத்தால் உருளை சுழன்று சுருளை இறுக்கும். விட்டதும் சுருள் தளர்ந்து சங்கிலியை உள்ளிழுத்துக்கொள்ளும். சுருளின் விசையை அளவாக அமைத்தலே அரிய வேலை. மிகுந்தால் அது மூக்கிலுள்ள கண்ணாடியையே பறித்துவிடும்; குறைந்தால் சங்கிலி வெளியே தொங்கிக் கதவுப்பிடியிற் சிக்கும். பொன்முலாமும் எனாமலும் பூசிய சிமிழ்களை மகளிர் அணிகலனாகவே கருதினர் போலும்! இன்று அலுவலர் இடுப்பில் அடையாள அட்டையைத் தாங்கும் சிமிழும் இவ்வகையதே.