நத்தார் குடிலுக்கு ஒரு மன்னார்க் கழுதை

குறோசே பொம்மை செய்யப் பழகவேண்டும் என்று நவம்பர், டிசெம்பர் மாதங்களில் யூரியூப்பைத் திறந்தால் முதலில் வந்து நிற்பவை கலைமான், பனிமனிதன், சிவப்புத் தொப்பி போட்ட கரடி. மூன்றையும் எங்கள் பிள்ளைகள் படத்தில்தான் கண்டிருக்கிறார்கள். அடம்பனில் நத்தார் என்பது கட்டுக்கரைக்குளம் நிரம்பி, காலபோக வயல் பச்சை பிடித்து, ஒழுங்கைகளில் கணுக்கால் வரை சேறு நிற்கும் காலம். ஆகவே நான் இங்கே சொல்லித்தரப் போவது ஒரு கழுதை. மன்னார்க் கழுதை.

மன்னார்ப் பாலம் கடந்து தீவுக்குள் போகிறவர்களுக்கு இந்த விலங்கைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. பேருந்து நிலையத்திலும் கடைத்தெருவிலும் அது தன் பாட்டில் நிற்கும். அரபு வணிகர்கள் கொண்டுவந்த பொதி விலங்கு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். தீவில் நிற்கும் பெருக்கமரங்களைப் பற்றியும் அதே கதைதான். லொறியும் உழவு இயந்திரமும் வந்தபின் பொதி சுமக்கும் வேலை போய்விட்டது. கழுதைகள் தெருவுக்கு வந்தன. வாகனத்தில் அடிபட்டுக் காலொடிந்து நிற்கும் கழுதையைப் பார்க்காத மன்னார்வாசி இருக்க முடியாது. இவற்றுக்கு மருந்து கட்டவும் பிள்ளைகளுக்கு இவற்றைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவும் 'பிறிட்ஜிங் லங்கா' என்ற அமைப்பு மன்னாரில் ஒரு சிகிச்சை நிலையத்தை அமைத்தது. ஆளை ஏசுவதற்கு நாம் எடுக்கும் முதல் சொல் கழுதைதான். ஆனால் டிசெம்பரில் அதே விலங்கைப் பாலன் குடிலில், அதுவும் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கிறோம்.

குடிலில் கழுதை எப்படி வந்தது? லூக்கா நற்செய்தியில் தீவனத்தொட்டி உண்டு; மாடும் இல்லை, கழுதையும் இல்லை. எசாயாவின் நூலில், தொடக்க அதிகாரத்தில், மாட்டையும் கழுதையையும் பற்றி ஒரு வசனம் இருக்கிறது. பழைய கிறிஸ்தவர்கள் அதைப் பிறப்போடு சேர்த்து வாசித்தார்கள். 1223 இல் அசிசி நகரத்துப் பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சோ என்ற இடத்தில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நத்தார் கொண்டாடினார். இன்று அடம்பன் வீடுகளில் வைக்கோலும் கடதாசியும் கொண்டு நாம் கட்டும் குடில் அந்த வழியில் வந்ததுதான். ஆகவே குறோசேயில் நத்தார் விலங்கு செய்ய விரும்பும் ஒருவர் கலைமானைத் தேடிப் போகத் தேவையில்லை.

அம்மம்மா இதைக் குறோசே என்று சொன்னதில்லை. 'றேந்தை பின்னுறது' என்றுதான் சொல்லுவா. றேந்தை என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவர்கள் மன்னாரைப் பிடித்தது 1560 இல். ஆனால் கொளுக்கி ஊசியால் பின்னும் இந்தக் கலை அவ்வளவு பழையதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் பரவியது. அது பரவிய விதம் எங்களைப் போன்றவர்களுக்கு அந்நியமானதல்ல. 1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அடுத்து வந்த ஆண்டுகளில் பத்து இலட்சம் பேர் வரை பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அந்தக் காலத்தில் கன்னியர் மடங்களும் வசதியுள்ள வீட்டுப் பெண்களும் ஏழைக் குடும்பங்களுக்குக் குறோசே கற்றுக்கொடுத்தார்கள். பின்னிய றேந்தை வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. அந்தக் காசில் வாடகை கட்டியவர்களும் உண்டு, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்களும் உண்டு. எங்கள் பக்கத்துக்கும் இது மடத்துப் பாடசாலைகள் ஊடாகத்தான் வந்து சேர்ந்தது. மேசைவிரிப்பு, பீடத் துணியின் ஓரம், குழந்தைத் தொப்பி என்ற அளவில் நின்றது. உள்ளே பஞ்சடைத்த உருண்டைப் பொம்மை பின்னும் முறை யப்பானியர் பிரபலமாக்கியது. அமிகுருமி என்பார்கள்.

இந்த வேலையின் அடிப்படையை விளக்க நான் எப்போதும் ஒரு மா மூட்டையைத்தான் உதாரணம் காட்டுவேன். மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலைப் பாருங்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் கழன்று வரும். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி, அதற்குள் அடுத்தது என்று போகும் சங்கிலி அது. குறோசேயும் அவ்வளவுதான். 2008 மே மாதம் அடம்பன் இராணுவத்தின் கையில் விழுந்தபோது நாங்கள் ஏற்கனவே வெள்ளாங்குளம் தாண்டிவிட்டோம். பிறகு கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று நீண்டு, எஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே நிவாரண மூட்டைகளின் நூலை எறியாமல் பந்தாகச் சுற்றி வைத்த பெண்கள் இருந்தார்கள். சைக்கிள் சக்கரக் கம்பியின் முனையை வளைத்துக் கல்லில் தேய்த்தால் ஊசி. பின்னுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு சிறு பை, பிள்ளைக்கு ஒரு பந்து. கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகும் என்பதற்காகப் பின்னினோம்.

இப்போது ஊருக்கு வந்து வருடங்கள் கடந்துவிட்டன. பிற்பகல் வேளையில் ஒரு வீட்டு விறாந்தையில் ஏழு பேர் கூடுகிறோம். நூல் மன்னார் நகரில் அல்லது வவுனியாவில் வாங்குகிறோம். 2022 இல் ரூபாய் சரிந்து டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது நூல் விலையும் ஏறியது. அப்போது வெளிநாட்டுப் பொதிகளில் வந்து, இந்த வெயிலுக்கு யாரும் போடாமல் கிடந்த கம்பளிச் சட்டைகளைக் கழற்றி நூலாக்கினோம். கழற்றிய நூல் சுருள் சுருளாக நிற்கும். கதிரைக் கால்களில் சுற்றி, நனைத்துக் காயவிட்டால் நேராகிவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: பின்னித் தைத்த சட்டை மட்டும்தான் ஒரே நூலாகக் கழன்று வரும். துணியாக வெட்டித் தைத்த சட்டை துண்டு துண்டாகத்தான் வரும்.

ஒரு சாண் அளவுக் கழுதைக்குச் சாம்பல் நிற நூல், வாய்ப்பகுதிக்கு வெள்ளை, குளம்புக்கும் பிடரிக்கும் கறுப்பு வேண்டும். ஊசி 2.5 மில்லிமீற்றர். நூல் உறையில் 4 என்று போட்டிருந்தாலும் பொம்மைக்குச் சிறிய ஊசிதான் நல்லது. கண்ணிகள் நெருங்கி நின்றால்தான் உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே தெரியாது. பஞ்சு என்றால் தலையணைக்குப் போடும் செயற்கைப் பஞ்சு. இலவம்பஞ்சு மலிவு, ஊரிலேயே கிடைக்கும். ஆனால் ஒருமுறை கழுவினால் கட்டிபட்டுவிடும். அரிசியோ பயறோ போட்டால் மாரிகாலத்தில் வண்டு பிடிக்கும்.

தொடங்கும் முன் இன்னொன்று. ஆங்கிலப் புத்தகத்திலோ காணொளியிலோ பார்த்துச் செய்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. அமெரிக்கர்கள் 'சிங்கிள் குறோசே' என்று சொல்லும் அதே பின்னலைப் பிரித்தானியர்கள் 'டபிள் குறோசே' என்கிறார்கள். எங்கள் பழைய மனையியல் புத்தகங்கள் பிரித்தானிய வழி. யூரியூப் பெரும்பாலும் அமெரிக்க வழி. பொம்மைக்கு வேண்டியது குட்டையான பின்னல்: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து, ஊசியில் நிற்கும் இரண்டு கண்ணிகளையும் ஒரே இழுவையில் எடுப்பது. இதை நான் சும்மா பின்னல் என்றே சொல்கிறேன்.

உடலில் தொடங்குங்கள். விரலில் நூலை வளையமாகச் சுற்றி அதற்குள் 6 பின்னல் போட்டு வளையத்தை இறுக்குங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு பின்னல், 12 ஆகும். அடுத்ததில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 18. பிறகு 24, 30, 36. ஒவ்வொரு சுற்றிலும் 6 கூடினால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் மேலே எழும்பிக் குவளை போலாகும். குறைத்தால் மூடிக்கொள்ளும். இந்த மூன்றும் பிடிபட்டால் கழுதை என்ன, யானையே செய்யலாம். 36 வந்ததும் கூட்டாமல் 12 சுற்று பின்னுங்கள். பிறகு இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னி 30, 24, 18 என்று இறக்கி, பஞ்சை அடைத்து, 12, 6 என்று மூடுங்கள். குறைக்கும்போது கண்ணியின் முன்பக்க இழையை மட்டும் எடுத்தால் ஓட்டை தெரியாது. சுற்று எங்கே தொடங்கியது என்பதை அறிய ஒரு ஊக்கைக் குத்தி வைத்தால் போதும்.

தலைக்கு வெள்ளை நூலில் 6, 12, 18, 24 என்று ஏறி 4 சுற்று நேராகப் போங்கள். அது வாய். சாம்பல் நூலுக்கு மாறி 30 ஆக்கி, அதற்கு மேல் 7 சுற்று. பிறகு 24, 18 என்று இறக்கிப் பஞ்சடைத்து மூடுங்கள். கால் ஒன்றுக்குக் கறுப்பில் 6, 12, அதன்மேல் கறுப்பிலேயே 2 சுற்று, சாம்பலில் 8 சுற்று. அடைத்து வாயை மூடாமல் விடுங்கள். நான்கு கால். காது ஒன்றுக்கு 6, 9, 12, அதன்மேல் 5 சுற்று. பஞ்சில்லாமல் தட்டையாக்கித் தையுங்கள். காது சிறிதானால் பார்ப்பவர்கள் மாட்டுக்கன்று என்பார்கள், ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். வால் ஒரு சங்கிலி, நுனியில் கறுப்புக் குஞ்சம்.

கால் தைப்பதுதான் சிரமமான இடம். நான்கையும் முதலில் ஊக்கால் பொருத்தி, பொம்மையை மேசையில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தையுங்கள். முன்னங்கால்கள் தலையின் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வரட்டும்.

பல கழுதைகளின் முதுகில் நெடுக்காக ஒரு கருங்கோடும் தோளில் குறுக்காக ஒரு கோடும் ஓடும். சேர்த்துப் பார்த்தால் சிலுவை. குருத்து ஞாயிறன்று இயேசுவைச் சுமந்ததால் வந்த அடையாளம் என்று கிறிஸ்தவ நாடுகளில் ஒரு கதை உண்டு. கறுப்பு நூலால் சங்கிலித் தையலில் அந்தக் கோடுகளைப் போடுங்கள். பொம்மைக்கு உயிர் வருவது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம், கண்ணில் அல்ல. கண்ணுக்குக் கடையில் விற்கும் பிளாஸ்ரிக் மணி வேண்டாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கடித்துப் பிடுங்கினால் தொண்டையில் சிக்கும். கறுப்பு நூலால் நாலு தையல் போட்டால் அதுவே நல்ல கண்.

எங்களில் ஒருவர் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு கழுதை கூடுதலாகச் செய்கிறார். அதை விற்பதில்லை, எவருக்கும் கொடுப்பதும் இல்லை. 2009 இல் அவர் கண்முன்னே பேருந்தில் ஏற்றப்பட்ட மகன் இன்னும் வரவில்லை. சின்ன வயதில் மகன் மன்னாருக்குப் போகும்போதெல்லாம் கழுதையைத் தொடவேண்டும் என்று அடம் பிடிப்பானாம். வீட்டுக் குடிலில் இப்போது ஒரு பட்டியே நிற்கிறது. பாலனைப் பார்க்க இடமில்லை என்று நாங்கள் பகிடி விடுவோம், அவரும் சிரிப்பார். காரியாலயங்களுக்குக் கொடுத்த விண்ணப்பப் படிவங்களின் பிரதிகளும் அதே அலுமாரியில்தான் இருக்கின்றன.

விலை பற்றிப் பேசாமல் விட முடியாது. மேலே சொன்ன கழுதையின் பின்னல்களைக் கூட்டிப் பாருங்கள்: உடல் 648, தலை 456, நான்கு காலும் 552, இரண்டு காதும் 174. மொத்தம் 1,830. பழகிய கை நிமிடத்துக்கு 15 பின்னல் போட்டாலும் இடைவிடாமல் இரண்டு மணித்தியாலம். பஞ்சடைத்து, தைத்து, கோடு போட்டு, பிடரி கட்ட இன்னொரு இரண்டு மணித்தியாலம். வீட்டு வேலைக்கு நடுவில் என்றால் இரண்டு நாள் ஓடிவிடும். துணி நெய்யவும் கம்பளிச் சட்டை பின்னவும் இயந்திரம் வந்துவிட்டது. இப்படியான குறோசே பொம்மையைப் பின்னும் இயந்திரம் சந்தைக்கு வரவில்லை. கொழும்புக் கடையில் தொங்கும் குறோசே பொம்மையும் சீனாவிலிருந்து வரும் குறோசே பொம்மையும் எங்கோ ஒரு பெண்ணின் கையால் வந்தவைதான். மலிவாக இருந்தால் அவளுக்குக் கொடுத்தது அவ்வளவு என்று அர்த்தம்.

போருக்குப் பின் எங்கள் பகுதிகளில் வாழ்வாதாரப் பயிற்சிக்குக் குறைவில்லை. தையல், பின்னல், பை செய்தல் எல்லாம் சொல்லித்தந்தார்கள், சான்றிதழும் தந்தார்கள். செய்த பொருளை எங்கே, என்ன விலைக்கு விற்பது என்பதைச் சொல்லித்தந்தவர்கள் குறைவு. கணவனை இழந்த பெண் நூலைக் கடனுக்கு வாங்கி, பொம்மையைக் கேட்ட விலைக்குக் கொடுத்து, நுண்கடன் தவணைக்கு மீண்டும் கடன்பட்ட கதைகள் எங்கள் கிராமங்களில் உண்டு. அதனால் எங்கள் விறாந்தையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். நூலும் பஞ்சும் வாங்கிய காசு, அதோடு வயலில் களை பிடுங்கப் போனால் கிடைக்கும் கூலியில் அரை நாளுக்குரியது. அதற்குக் கீழே எவரும் விற்பதில்லை. ஒருவர் குறைத்தால் ஏழு பேருடைய விலையும் விழும். வாங்குபவர் 'நூல்தானே' என்றால், 1,830 ஐச் சொல்லுங்கள்.

நத்தாருக்கு விற்க நினைப்பவர்கள் செப்ரெம்பரில் தொடங்க வேண்டும். திருவருகைக் காலம் பிறந்த பின் வரும் கேள்விகளுக்குக் கை ஓடாது, வயலிலும் வேலை வந்துவிடும். ரொறன்ரோவுக்கோ பாரிசுக்கோ உறவினர் ஊடாக அனுப்புவதென்றால் ஒக்ரோபருக்குள் பொதி புறப்பட வேண்டும். நன்றாகக் காய்ந்த பொம்மையைப் பொலித்தீன் பையில் கட்டி, சிறு கடதாசியில் என்ன நூல், என்ன பஞ்சு, குளிர்ந்த நீரில் கையால் கழுவி நிழலில் காயவிட வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். செய்த இடத்தையும் எழுதுங்கள். நாங்கள் 'அடம்பன், மன்னார்' என்று தமிழிலேயே எழுதுகிறோம்.