விஸ்லர்: உயரம் அறிந்து வகுக்க வேண்டிய பயணம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவர் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், விஸ்லர், பிளாக்கோம் என்னும் இரு மலைகள் அருகருகே நிற்கின்றன. முறையே 1966இலும் 1980இலும் தனித்தனிப் பனிச்சறுக்குத் தலங்களாகத் திறக்கப்பட்டு, பல ஆண்டுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, 1997இல் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்த இவை, இன்று 8,171 ஏக்கர் சறுக்குப் பரப்புடன் வட அமெரிக்காவின் மிகப் பெரிய தலங்களுள் ஒன்றாக விளங்குகின்றன. முன்பு லண்டன் மலை எனப்பட்ட முதல் மலைக்கு இப்போதைய பெயர் வந்தது, அங்குப் பாறைகளிடையே வாழும் மார்மட் என்னும் அணிலின விலங்கு எழுப்பும் சீழ்க்கை ஒலியால்தான்.

இத்தலத்துக்குப் பயணம் திட்டமிடுவோர் பெரும்பாலும் பரப்பளவைப் பார்த்து மயங்கி, விடுதியையும் விமானத்தையும் முதலில் உறுதி செய்கின்றனர். உண்மையில் முதலில் கருத வேண்டியது உயரமே. அடிவாரக் கிராமம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 675 மீட்டர் உயரத்திலும், பிளாக்கோமில் லிஃப்ட் சென்றடையும் மிக உயர்ந்த இடம் 2,284 மீட்டரிலும் உள்ளன. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தக் கடலோர மலைத்தொடரில் மோதி மேலெழும்போது குளிர்ந்து பெருமழையாகவோ பெரும்பனியாகவோ பொழிகிறது. அது எந்த உயரத்தில் மழையாகவும் எந்த உயரத்தில் பனியாகவும் விழும் என்பதை உறைநிலை மட்டம், அதாவது வெப்பநிலை பூச்சியப் பாகைக்கு இறங்கும் உயரம், தீர்மானிக்கிறது. கிராமத்தில் குடை பிடித்து நிற்பவர், அதே வேளையில் உச்சியில் புதுப்பனி குவிவதை அறியாமல் அறைக்குத் திரும்பிவிடக்கூடும். ஆகவே பார்க்க வேண்டிய வானிலை அறிக்கை கிராமத்துக்குரியது அன்று, மலையின் நடுப்பகுதிக்கும் உச்சிக்கும் உரியது.

உயரத்துக்கு அடுத்துக் கருத வேண்டியது பருவம். டிசம்பர் பிற்பகுதியில் கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் மிகுதி. பகலும் குறுகியது என்பதால் லிஃப்டுகள் பிற்பகல் 3 மணியளவிலேயே நின்றுவிடுகின்றன. சனவரி நடுப்பகுதியில் கூட்டம் தணிகிறது, ஆனால் குளிர் கடுமை. குளிர்காலம் முழுதும் படிந்த பனி ஆழ்ந்திருக்க, பகலும் நீண்டுவிடும் மார்ச் மாதமே, முதன்முறை வருவோருக்கு மிகவும் ஏற்றது எனலாம்.

லிஃப்ட் அனுமதிச்சீட்டை மலையடிவாரத்தில் அன்றன்று வாங்குவது வீண்செலவு. கூட்டமிகுந்த நாள்களில் ஒரு நாள் கட்டணம் 200 கனடிய டாலரைக் கடந்துவிடுகிறது. பருவம் தொடங்கும் முன்பே பல நாள் சீட்டு வாங்கிவிடுவோர் இதைவிடக் கணிசமாகக் குறைவாகச் செலுத்துகின்றனர். காரை வாடகைக்கு எடுப்போர், வான்கூவரிலிருந்து வரும் 99ஆம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர்கள் கட்டாயம் என்பதை மறக்கலாகாது. பேருந்திலேயே வருவது கவலையற்ற வழி.

தடங்களின் கடினத்தை வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம் என்னும் குறிகளால் காட்டுவர். பச்சை எளியது, கருப்பு செங்குத்தானது. இக்குறிகள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டு இடப்படுவன என்பதால், சிறிய மலையொன்றில் நீலத் தடத்தில் இறங்கிப் பழகியவர் இங்கும் அதே நிறத்தை நம்பி இறங்குவது துணிச்சலே. இரு மலைகளையும் இணைக்கும் பீக் டு பீக் கோண்டோலா, அதாவது கம்பிவடத்தில் செல்லும் மூடிய பெட்டி, 2008இல் திறக்கப்பட்டது, 4.4 கிலோமீட்டர் தூரத்தைப் பதினொரு நிமிடங்களில் கடக்கும் அதன் வடம், ஓரிடத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் தாங்கு கோபுரமே இன்றித் தொங்குகிறது. சறுக்கத் தெரியாதவரும் ஏறிப் பார்க்கத்தக்கது அது.

ஆழ்பனியின் அழகைப் பேசும் விளம்பரங்கள் சொல்லாத அபாயம் ஒன்று உண்டு. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால், அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனி நிறைந்த குழி ஒன்று உருவாகிறது. அதில் தலைகீழாக விழுபவர் தாமாக வெளியேறுவது அரிது, மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. மரங்களிடையே சறுக்குவோர் துணையின்றிச் செல்லாமலும், அத்துணையைக் கண்ணெட்டும் தூரத்திலேயே வைத்தும் இறங்க வேண்டும் என்பது இதனாலேயே. தல எல்லைக்கு அப்பால் செல்வோருக்குப் பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, தேடுகோல், மண்வெட்டி ஆகிய மூன்றும், அவற்றைக் கையாளும் பயிற்சியும் இன்றியமையாதவை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு மாகாண மருத்துவக் காப்பீடு பொருந்தாது. பனிச்சறுக்கு விபத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீட்டைப் புறப்படும் முன்பே பெறுதல் வேண்டும்.

முதல் சில நாள்களைப் பயிற்சிச் சரிவிலேயே கழிக்கப்போகும் ஒருவருக்கு எண்ணாயிரம் ஏக்கரால் பெரிய பயன் இல்லை. அவருக்கு வான்கூவரை ஒட்டிய குரவுஸ், சைப்ரஸ் போன்ற சிறிய மலைகளே போதும்.