தேக்கத்தை உடைக்கும் முதல் அடி

“மனம் உண்டானால் மார்க்கம் உண்டு” என்பது நம் முன்னோர் வாக்கு. தன்முனைப்பு முகாம்களில் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால், அந்த மனமே உண்டாகவில்லை என்றால் என்ன செய்வது?

பல்கலைக்கழகத்தில் இந்த நிலைக்கு ஆளாகும் மாணவர்கள் பலர். எஸ்.டி.பி.எம். தேர்விலோ மெட்ரிகுலேசியிலோ சிறந்த புள்ளிகள் பெற்று நுழைந்திருப்பார்கள். முதல் பருவத்தில் தரப்புள்ளி சரியும். இரண்டாம் பருவத்தில் மீண்டும் சரியும். அதன்பின் விரிவுரைக்குச் செல்லக் கால் எழாது. இடுபணிகள் குவியும். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், “எல்லாம் நன்றாகத்தான் போகிறது” என்று சொல்லத் தோன்றும். இதைப் பலர் சோம்பேறித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உளவியல் வேறொரு விளக்கம் தருகிறது.

கற்றுக்கொண்ட இயலாமை

1967ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இருவரும் நாய்களை வைத்து ஓர் ஆய்வை நடத்தினர். ஒரு பிரிவு நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு பிரிவு நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால், அவை என்ன செய்தாலும் அதனை நிறுத்த முடியாது.

பிறகு, தாண்டிக் குதித்தால் தப்பிவிடக்கூடிய தடுப்பு கொண்ட ஒரு பெட்டியில் அவை விடப்பட்டன. முதல் பிரிவு நாய்கள் விரைவில் தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாம் பிரிவு நாய்களில் பெரும்பாலானவை முயலவே இல்லை. வலியைத் தாங்கிக்கொண்டு படுத்துவிட்டன. இந்நிலைக்குக் ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று பெயரிட்டனர்.

இன்று நம் மனத்தை உறுத்தக்கூடிய ஆய்வுதான் இது. எனினும், இதன் தொடர்ச்சியாக 1968இல் வெளிவந்த ஆய்வு நமக்கு வழிகாட்டுகிறது. படுத்துவிட்ட நாய்களை மீட்க, தடுப்பை எடுத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து அழைத்துப் பார்த்தனர்; உணவும் வைத்துப் பார்த்தனர். பெரும்பாலும் பயனில்லை. இறுதியில், கழுத்தில் கயிற்றைக் கட்டி மறுபக்கத்திற்கு மீண்டும் மீண்டும் இழுத்துச் சென்றனர். பலமுறை அப்படிச் சென்று, அங்கே வலி நிற்கிறது என்பதை உடலால் உணர்ந்த பிறகு, அவை தாமாகவே தாண்டத் தொடங்கின.

ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். நீடித்த துன்பத்தின்போது முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை. அதை யாரும் கற்கத் தேவையில்லை. “என் செயலால் நிலைமை மாறும்” என்பதையே மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள்.

எனவே, முடங்கிக் கிடப்பவரிடம் “மனத்தை மாற்று” என்று சொன்னால் மட்டும் போதாது. அவர் செய்யும் ஏதாவது ஒரு செயலுக்குப் பலன் கிடைக்க வேண்டும். அந்தப் பலனைக் கண்டுதான் மனம் மாறும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் காரணத்தைக் கவனிப்போம். “எனக்குப் புள்ளியியல் வராது” என்பது முடிந்த தீர்ப்பு. அதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. “மூன்றாம் வாரத்திற்குப் பிறகு பயிற்சிக் கணக்குகளை நான் செய்யவில்லை” என்பதில் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தை எழுதப் பழக வேண்டும்.

இரண்டாவதாக, அன்றே முடித்துவிடக்கூடிய சிறு செயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். “இந்தப் பருவத்தில் 3.5 எடுப்பேன்” என்ற இலக்கின் பலனைக் காணப் பல மாதங்கள் ஆகும். ஒரு கணக்கைப் போட்டு விடையைச் சரிபார்க்க 20 நிமிடங்கள் போதும்.

மூன்றாவதாக, செயலை நேரத்தோடும் இடத்தோடும் பிணைக்க வேண்டும். “காலை விரிவுரை முடிந்ததும், விடுதிக்குத் திரும்பாமல், நூலகத்தின் இரண்டாம் மாடிக்குச் செல்வேன்” என்பதுபோல் திட்டமிடுவோர் எண்ணியதை முடிப்பது அதிகம் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன.

நான்காவதாக, நம்மை இழுத்துச் செல்ல ஒரு கை வேண்டும். அந்த நாய்கள் தாமாக எழவில்லை என்பதை மறக்கலாகாது. அறைத்தோழரோ மூத்த மாணவரோ, “வா, சேர்ந்து போகலாம்” என்று அழைத்துப் போனால், அதுவே பல அறிவுரைகளுக்குச் சமம். நம் அருகில் ஒருவர் முடங்கியிருந்தால் நாமும் அந்தக் கையாக இருக்கலாம்.

மனப்பாங்கின் எல்லை

மனப்பாங்கு மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று மிகைப்படுத்துவதும் தவறு. அறிவுத்திறனை வளர்த்துக்கொள்ள முடியும் என்ற கருத்தை விளக்குவதன் பலனை அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 12,000 பேரிடம் சோதித்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. குறைந்த புள்ளிகள் பெற்றுவந்தோரின் சராசரித் தரப்புள்ளி 0.1 அளவில் உயர்ந்தது. பலன் உண்டு, ஆனால், அது மாயம் அன்று. கல்விக் கடனும் குடும்பச் சுமையும் எண்ணத்தால் மட்டும் கரைந்துவிடா. அவற்றிற்கு நிதியுதவியும் விரிவுரையாளரின் ஆலோசனையும் தேவைப்படலாம். தயங்காமல் கேட்க வேண்டும்.

அதேபோல், இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரம் நீங்காமல், உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றிப் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். பல்கலைக்கழக ஆலோசகரையோ மருத்துவரையோ நாடுவதில் வெட்கம் வேண்டாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மனம் உண்டானால் மார்க்கம் உண்டு என்பது உண்மைதான். மார்க்கத்தில் ஓர் அடி வைத்தால் மனமும் உண்டாகும் என்பதும் அதே அளவு உண்மை. நாளை தொடங்க நினைத்திருக்கும் வேலையில் 20 நிமிட அளவை இன்றே செய்து பார்ப்போம், நண்பர்களே!